சீனி இறங்கியது; இறக்கியது யார்? – முன்இன்சுலின் கண்டறியப்பட்ட வரலாறு



ஐந்தாம் படிவ வகுப்பில் கருத்து விளக்கக் கட்டுரைக்கு ‘நீரிழிவு’ என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். குறிப்புகளைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு மாணவி எழுந்தாள். “டீச்சர், இனிப்பு நீருன்னா சீனி கூடுற நோய்தானே? எங்க தாத்தா சீனி கொறைஞ்சுல்ல மயங்கி விழுந்தாரு?” வகுப்பில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஜெராம் பக்கத்துப் பிள்ளைகள் அல்லவா, வீட்டுக்கு ஒருவருக்காவது இனிப்பு நீர் இருக்கும்.

“மருந்து கூடிப்போனாலோ சாப்பாடு குறைஞ்சுபோனாலோ சீனி இறங்கும்” என்று சொன்னேன். அவள் விடவில்லை. “மருந்தே சாப்பிடாத ஆளுக்குச் சீனி இறங்கினா?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. தேடிப் படித்தபோது, அது மருத்துவ உலகம் நூறு ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி என்று தெரிந்தது. அதற்கு விடை சொல்வதில் பெரும்பங்கு இன்சுலினுக்கு அல்ல. இன்சுலின் ஆவதற்கு முன்னால் இருக்கும் ஒரு பொருளுக்குத்தான். அந்த வரலாற்றையே இங்கே எழுதுகிறேன்.

ஆயாவின் விரதம்

முதலில் என் வீட்டுக் கதை. நான் ஆரம்பப் பள்ளியில் படித்த காலத்தில் நாங்கள் தோட்டத்து லயத்தில் இருந்தோம். என் ஆயா, அதாவது அப்பாவின் அம்மா, தைப்பூசத்துக்கு விரதம் இருந்தார். இனிப்பு நீருக்குக் கொடுத்த மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டார். “மருந்த மட்டும் விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க” என்பது அவர் நியாயம்.

ஒரு நாள் விடியற்காலையில் ஆயாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. என்னைப் பார்த்து என் அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ‘காத்து கருப்பு’ என்றார் பக்கத்து வீட்டு அக்கா. முன்பு தோட்டத்து மருந்தகத்தில் டிரஸ்ஸராக இருந்த ஒரு தாத்தாதான் ஓடி வந்து, சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் ஆயா எழுந்து உட்கார்ந்து, “ஏன் எல்லாரும் கூடி நிக்கிறீங்க?” என்று கேட்டார்.

கதை அதோடு முடியவில்லை. மதியம் மறுபடியும் அதே வேர்வை, அதே உளறல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். குடித்த சீனி தீர்ந்துபோயிருந்தது, மாத்திரை தீரவில்லை. இதை விளங்கிக்கொள்ள எனக்கு இருபது ஆண்டுகள் ஆயின.

இன்சுலினோடு வந்த ஆபத்து

கணையத்துக்குள் சிறு சிறு கூட்டமாக இருக்கும் உயிரணுக்களை 1869இல் ஜெர்மானிய மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ் கண்டு எழுதினார். அவை கடலில் தீவு போலத் திட்டுத் திட்டாக இருந்ததால் ‘தீவுகள்’ என்ற பெயர் நிலைத்தது. ‘இன்சுலா’ என்றால் இலத்தீனில் தீவு. இன்சுலின் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. 1889இல் மின்கோவ்ஸ்கி, வான் மேரிங் இருவரும் நாயின் கணையத்தை நீக்கிப் பார்த்தார்கள். நாய்க்கு நீரிழிவு வந்தது.

1921இல் கனடாவின் தொராண்டோ நகரில் பேண்டிங், பெஸ்ட் இருவரும் கணையச் சாற்றால் நாயின் இரத்தச் சர்க்கரையை இறக்கிக் காட்டினார்கள். 11 ஜனவரி 1922 அன்று லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது, அவ்வளவாகப் பலனில்லை. கோலிப் என்ற வேதியியலாளர் சாற்றைச் சுத்திகரித்துக் கொடுத்த பிறகு, 23 ஜனவரியில் மீண்டும் போட்டார்கள். சிறுவன் தேறினான். இங்கே தோட்டங்களில் நம் முன்னோர் பால்மரம் சீவிக்கொண்டிருந்த காலம் அது.

பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடும். கோலிப் பார்த்த இன்னொன்றையும் மாணவர்கள் அறிய வேண்டும். மருந்தின் வலிமையை அறிய அவர் முயல்களுக்கு ஊசி போட்டார். அளவு கூடிய முயல்கள் வலிப்பு வந்து விழுந்தன. குளுக்கோஸ் கொடுத்ததும் எழுந்து ஓடின. இன்சுலின் வந்தபோதே சீனி இறங்கும் ஆபத்தும் கூடவே வந்துவிட்டது.

ஊசி போடாதவருக்கும் அதே வலிப்பு

அந்த முயல்களின் தவிப்பைப் படித்த மருத்துவர்கள் சிலருக்குப் பழைய நோயாளிகள் நினைவுக்கு வந்தார்கள். நீரிழிவே இல்லாதவர்கள், எந்த ஊசியும் போடாதவர்கள். ஆனால் பசி நேரத்தில் இதே வேர்வை, நடுக்கம், உளறல். 1924இல் அமெரிக்காவின் அலபாமா மாநில மருத்துவர் சீல் ஹாரிஸ், உடலே இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரக்கக்கூடும் என்று எழுதினார்.

1927இல் மேயோ மருத்துவமனையிலிருந்து சான்று வந்தது. அடிக்கடி சீனி இறங்கி அவதிப்பட்ட ஒரு மருத்துவருக்கு அறுவை செய்தபோது, கணையத் தீவுகளில் தொடங்கிய புற்றுக்கட்டி ஈரல்வரை பரவியிருந்தது. கட்டியின் சாற்றை முயலுக்குச் செலுத்தினார்கள். முயலின் சீனி இறங்கியது. 1929இல் தொராண்டோவில் ராஸ்கோ கிரகாம் இத்தகைய கட்டி ஒன்றை வெற்றிகரமாக நீக்கி நோயாளியைக் குணமாக்கினார். இந்தக் கட்டிக்கு இன்சுலினோமா என்று பெயர்.

ஆனால் மயங்கி விழுகிறவர் எல்லாருக்கும் வயிற்றைக் கிழிக்க முடியாதே! நியூயார்க் அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் 1930களில் மூன்று நிபந்தனைகள் விதித்தார்:

1. சீனி இறங்கியதற்கான அறிகுறிகள் இருக்க வேண்டும்.
2. அந்த நேரத்தில் இரத்தத்தை அளந்தால் சீனி உண்மையிலேயே குறைந்திருக்க வேண்டும்.
3. குளுக்கோஸ் கொடுத்ததும் அறிகுறிகள் மறைய வேண்டும்.

இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்கும் மும்மை இது. மூன்றாவதை எங்கள் டிரஸ்ஸர் தாத்தா செய்து காட்டினார். ஆனால் இம்மூன்றும் சேர்ந்து ‘சீனி இறங்கியது’ என்று மட்டுமே சொல்லும். ‘இறக்கியது யார்’ என்று சொல்லாது.

இரண்டு சங்கிலிகளின் புதிர்

விடை வேறு திசையிலிருந்து வந்தது. 1955இல் இங்கிலாந்தின் பிரெடரிக் சாங்கர், இன்சுலினின் அமினோ அமில வரிசையை முழுமையாகக் கண்டறிந்தார். இன்சுலினில் ஏ, பி என்று இரண்டு சங்கிலிகள். ஏ சங்கிலியில் 21 அமினோ அமிலங்கள், பி சங்கிலியில் 30, மொத்தம் 51. இரண்டையும் கந்தகப் பாலங்கள் பிணைத்திருக்கின்றன. இதற்காக 1958இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒரு புதிர். உடல் இரண்டு சங்கிலிகளையும் தனித்தனியே செய்து பிறகு பிணைக்கிறது என்றே பலர் நம்பினார்கள். 1960களில் சீனா, ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் சோதனைக்கூடத்தில் அப்படித்தான் இன்சுலினைச் செய்தார்கள். ஆனால் சங்கிலிகள் சரியான ஜோடியாகச் சேர்வது பெரும்பாடாக இருந்தது. நாள் முழுதும் தவறாமல் செய்யும் கணையம் இதை எப்படிச் சாதிக்கிறது?

சிக்காகோ பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஸ்டைனர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். இன்சுலின் செய்யும் உயிரணுக்கள் கணையத்தில் மிகச் சிறு பகுதியே. அவற்றைப் பிரித்தெடுப்பது கடினம். அவருக்குக் கைகொடுத்தது, ஒரு நோயாளியிடமிருந்து அறுவையில் நீக்கப்பட்ட இன்சுலினோமா. சீனியை இறக்கி ஒருவரைத் துன்புறுத்திய அதே கட்டிதான்!

ஸ்டைனர் அந்தக் கட்டியின் துண்டுகளுக்குக் கதிரியக்கக் குறியிட்ட அமினோ அமிலங்களைக் கொடுத்து, அவை எங்கே போய்ச் சேர்கின்றன என்று பார்த்தார். குறி முதலில் தோன்றியது இன்சுலினில் அல்ல. அதைவிடப் பெரிய ஒரு புரதத்தில். நேரம் செல்லச் செல்ல அந்தப் பெரிய புரதத்தில் இருந்த குறி இன்சுலினுக்கு மாறியது. 1967இல் மாணவர் பிலிப் ஓயருடன் சேர்ந்து இதை வெளியிட்டார். அந்தப் பெரிய புரதம் ‘புரோஇன்சுலின்’ எனப்பட்டது. தமிழில் முன்இன்சுலின் என்போம்.

புணர்ச்சி விதியும் முன்இன்சுலினும்

தமிழாசிரியர் என்பதால் இதை இலக்கணத்தின் வழியாகச் சொல்லிப் பார்க்கிறேன். மரம் + வேர் = மரவேர். இடையில் இருந்த ‘ம்’ கெட்டது. கெடுதல் விகாரம் என்போம். மனித முன்இன்சுலின் 86 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே நீளச் சங்கிலி. தொடக்கத்தில் பி பகுதி, நடுவில் ஓர் இணைப்புத் துண்டு, முடிவில் ஏ பகுதி. நடுத்துண்டு இருப்பதால் சங்கிலி சரியாக மடிகிறது. கந்தகப் பாலங்கள் சரியான இடத்தில் விழுகின்றன. பிறகு நொதிகள் நடுத்துண்டை வெட்டி எடுக்கின்றன. மிஞ்சுவது இன்சுலின்.

கணக்கையும் சரிபார்க்கலாம். இன்சுலின் 51, நடுத்துண்டு 31, வெட்டும் இடங்களில் கழியும் அமினோ அமிலங்கள் 4, கூட்டினால் 86. அந்த 31 அமினோ அமிலத் துண்டுக்கு இணைப்புப் பெப்டைடு, சுருக்கமாக சி-பெப்டைடு என்று பெயர்.

இலக்கணத்துக்கும் உடலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கெட்ட எழுத்து காணாமல் போய்விடும். வெட்டப்பட்ட சி-பெப்டைடோ இன்சுலினோடு சேர்ந்து இரத்தத்தில் இறங்குகிறது, ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில். இன்சுலினில் பாதியளவை ஈரல் பிடித்துக்கொள்கிறது. மீதியும் சில நிமிடங்களில் குறைந்துவிடுகிறது. சி-பெப்டைடை ஈரல் அவ்வளவாகத் தொடுவதில்லை. அரை மணி நேரம் கழித்தும் பாதியளவு இரத்தத்தில் இருக்கும். கழிவு என்று முதலில் ஒதுக்கப்பட்ட துண்டுதான் பின்னால் சாட்சி சொல்ல வந்தது.

சாட்சி சொல்லும் துண்டு

மருந்துக் கடையில் வாங்கும் இன்சுலினில் சி-பெப்டைடு இல்லை. அது சுத்திகரிப்பில் நீக்கப்பட்டிருக்கும். ஆகவே இரத்தத்தில் இன்சுலின் நிறைய இருந்து சி-பெப்டைடு மட்டும் இல்லையென்றால், அந்த இன்சுலின் உடலுக்குள் சுரந்ததல்ல. வெளியிலிருந்து ஊசி வழியாக வந்தது.

இதன் அருமை ஒரு பழைய வழக்கைப் பார்த்தால் புரியும். 1957இல் இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரில் கென்னத் பார்லோ என்ற ஆண் தாதி, தம் மனைவியை இன்சுலின் ஊசியால் கொன்றார். அன்று சி-பெப்டைடு யாருக்கும் தெரியாது. ஊசி போட்ட தசையை எடுத்து, அதன் சாற்றை எலிகளுக்குச் செலுத்தி, சீனி இறங்குவதைக் காட்டித்தான் குற்றத்தை நிறுவினார்கள். இரத்தத்தில் நுண்ணிய அளவில் இருக்கும் இன்சுலினை அளக்கும் முறையை ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் இருவரும் 1960ஐ ஒட்டி உருவாக்கினார்கள். 1970ஐ ஒட்டி சி-பெப்டைடை அளக்கவும் வழி பிறந்தது. அதன் பிறகு, ‘இந்த இன்சுலின் எங்கிருந்து வந்தது’ என்ற கேள்விக்கு ஒரு குழாய் இரத்தம் பதில் சொல்லத் தொடங்கியது.

முன்இன்சுலினும் தன் பங்குக்குச் சாட்சி சொல்லும். சீனியை இறக்கும் வலிமை அதற்கு இன்சுலினைவிட மிகக் குறைவு. நலமான கணையம் அதைப் பெரும்பாலும் வெட்டி முடித்த பிறகே வெளியே விடும். கட்டியின் உயிரணுக்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. பழுக்காத காயையும் சேர்த்துப் பறித்துக் கூடையில் போடுவதைப்போல, வெட்டாத முன்இன்சுலினையும் இரத்தத்தில் கொட்டிவிடும். அரிதாகச் சில கட்டிகளில் இன்சுலினைவிட முன்இன்சுலினே மிகுந்திருக்கும். இன்சுலினை மட்டும் அளக்கும் சோதனையில் அப்படிப்பட்ட கட்டி தப்பிவிடக்கூடும்.

இன்று காரணம் தெரியாமல் சீனி இறங்குகிறவரை மருத்துவமனையில் வைத்து, மேற்பார்வையோடு 72 மணி நேரம் வரை பட்டினி இருக்கச் செய்கிறார்கள். சீனி 3.0 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும் வேளையில் இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். நலமான உடல் அந்த நேரத்தில் இன்சுலினை நிறுத்தியிருக்கும். பொதுவாக நான்கு விடைகள் கிடைக்கும்:

- இன்சுலின் மிகுதி, சி-பெப்டைடு குறைவு: வெளியிலிருந்து வந்த இன்சுலின் ஊசி.
- இன்சுலின், சி-பெப்டைடு, முன்இன்சுலின் மூன்றும் மிகுதி. மாத்திரையின் தடயம் இல்லை: இன்சுலினோமாவாக இருக்கலாம்.
- மூன்றும் மிகுதி. மாத்திரையின் தடயம் உண்டு: கணையத்தைத் தூண்டும் மாத்திரை.
- மூன்றும் குறைவு: இன்சுலின் குற்றவாளி அல்ல, காரணம் வேறு.

நான்காவதிலும் ஒரு முன்னோடிப் பொருள் ஒளிந்திருப்பதுண்டு. ஈரல் முதலான இடங்களில் வளரும் சில பெரிய கட்டிகள், இன்சுலினுக்கு உறவான ஒரு வளர்ச்சிக் காரணியை முழுதாக வெட்டாமல் பெரிய வடிவிலேயே வெளிவிடுகின்றன. அது இன்சுலினைப் போலவே சீனியை இறக்கும். 1988இல் வில்லியம் டாகடே குழுவினர் இதை வெளியிட்டார்கள். கணையமே தொடர்பில்லாத கட்டி சீனியை இறக்குவது எப்படி என்ற பழைய மர்மம் அதனால் தெளிந்தது.

என் ஆயா மூன்றாவது வரிசை. கணையத்தைப் பிழிந்து இன்சுலின் வரவழைக்கும் மாத்திரை அது. சாப்பாடு இல்லாத வயிறு. ஓயாமல் சுரக்கும் கணையம். சில மாத்திரைகளின் வேகம் ஒரு நாளைக்கும் மேலாக நீடிக்கும் என்பதால்தான் மதியமும் சீனி இறங்கியது.

சிங்கப்பூரிலும் சென்னையிலும்

இவையெல்லாம் தூரதேசத்துக் கதைகள் என்று நினைக்க வேண்டாம். 2008இன் முதல் சில மாதங்களில் சிங்கப்பூர் மருத்துவமனைகளுக்கு, நீரிழிவே இல்லாத சுமார் 150 பேர் கடுமையாகச் சீனி இறங்கிய நிலையில் வந்தார்கள். ஏறக்குறைய எல்லாருமே ஆண்கள். தேடிப் பார்த்ததில், ஆண்மை ஊக்கி என்று கள்ளத்தனமாக விற்கப்பட்ட மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு என்ற நீரிழிவு மருந்து கலந்திருந்தது. நான்கு பேர் இறந்தார்கள். ‘மருந்தே சாப்பிடாத ஆள்’ என்று நாம் நினைக்கும் ஒருவர், தமக்கே தெரியாமல் மருந்து சாப்பிட்டிருக்கலாம். என் மாணவியின் கேள்விக்கு இதுவும் ஒரு விடை.

சென்னைக்கு வருவோம். 1948இல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியவர் மருத்துவர் எம். விசுவநாதன். 1980களில் அவரும் வி. மோகன், சி. சினேகலதா உள்ளிட்ட ஆய்வாளர்களும், கணையத்தில் கல் உண்டாகி இளவயதிலேயே நீரிழிவுக்கு ஆளானவர்களின் சி-பெப்டைடை அளந்தார்கள். வெப்ப நாடுகளில் காணப்பட்ட அந்நோயாளிகளுக்குச் சீனி மிகவும் ஏறும். ஆனாலும் முதல் வகை நீரிழிவில் வரும் கீட்டோன் நஞ்சேற்றம் அரிது. ஏன்? சி-பெப்டைடு விடை காட்டியது: கணையம் முழுக்க வற்றிவிடவில்லை; கொஞ்சம் மிச்சம் இருந்தது.

நம் நாட்டுக் கணக்கையும் பாருங்கள். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, பத்துப் பேரில் மூவர். அவர்களுள் பலர் மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள். நம்மவர்களிடம் விரதமும் உண்டு. பசியாறாமல் வேலைக்குக் கிளம்பும் பழக்கமும் தோட்டக் காலத்திலிருந்தே உண்டு. ஆகவே சீனி கூடுவதை மட்டும் கட்டுரையில் எழுதிவிட்டு, இறங்குவதை விட்டுவிட்டால் பாதிதான் எழுதியிருக்கிறோம்.

வகுப்பறைக்கு

அந்த மாணவிக்கு இரண்டு வாரம் கழித்து விடை சொன்னேன். இன்சுலினோமா மிக அரிது என்பதையும் சொன்னேன்; பிள்ளைகள் பயந்துவிடக் கூடாது. நம் வீடுகளில் சீனி இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் ஊசியும் மாத்திரையும் தவறிய வேளைச் சாப்பாடும்தான். விரதம் இருக்க விரும்புகிற பெரியவர்கள், மருந்தின் அளவை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேர்வை, நடுக்கம், உளறல் கண்டால் சீனியை அளந்து பாருங்கள். 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தாலோ, அளக்கக் கருவி இல்லாவிட்டாலோ, விழுங்க முடிகிறவருக்கு மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். தேறாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். தேறியதும் சாப்பிட வையுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999ஐ அழையுங்கள். மாத்திரை எடுப்பவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று அதோடு விட்டுவிடாமல், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எங்கள் வீட்டில் அன்று காலையில் தவறியது இந்தக் கடைசி ஒன்றுதான்.

கலைச்சொற்கள்: கணையம், கணையத் தீவுகள், முன்இன்சுலின், இணைப்புப் பெப்டைடு, நொதி, இரத்தச் சர்க்கரைக் குறைவு.

மாணவர் சிந்தனைக்கு:

1. விப்பிளின் மூன்று நிபந்தனைகளை உம் சொந்த நடையில் எழுதுக. அவை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?
2. ‘கழிவு என்று ஒதுக்கப்பட்டதே சாட்சியானது’ – சி-பெப்டைடைக் கொண்டு இக்கருத்தை இரண்டு பத்திகளில் விளக்குக.
3. உம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் சீனி இறங்கிய அனுபவத்தைக் கேட்டு, அவர் பேச்சுநடையிலேயே பதிவு செய்க. பின்னர் அதை எழுத்துநடைக்கு மாற்றுக.

மூன்றாவது பயிற்சியை என் வகுப்பில் கொடுத்தேன். முப்பத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் எழுதிக்கொண்டு வந்தார்கள். அந்த மாணவியின் தாத்தா சொன்னதாக அவள் எழுதியிருந்த கடைசி வரி: “இப்பல்லாம் சட்டப் பையில நாலு மிட்டாய் வச்சிருக்கேன், கண்ணு.”